வாசல் பிளக் பொயின்ற்: 30 மில்லிஅம்பியர் கணக்கு

வீட்டு வாசலில் ஒரு பிளக் பொயின்ற் போட எவ்வளவு முடியும் என்று கேட்டால், பலர் சொக்கெற்றின் விலையைச் சொல்வார்கள். கணக்கில் முதலில் வரவேண்டிய எண் வேறு: 30 மில்லிஅம்பியர். அதற்கு மேற்பட்ட மின்னோட்டம் உடலுக்குள் பாய்ந்துகொண்டே இருந்தால் மூச்சு முடங்கலாம், இதயத் துடிப்பு குழம்பலாம்.

உடலின் கணக்கு

நமது மின்சாரம் 230 வோல்ற். மழையில் நனைந்த உடலின் தடையை 1,000 ஓம் என்று வைத்தால், பாயும் மின்னோட்டம் 230 மில்லிஅம்பியர். அது ஆபத்து எல்லையின் 7 மடங்குக்கும் அதிகம். ஆனால் அது ஒரு 60 வாற் குண்டு பல்பு எடுக்கும் மின்சாரத்தை விடக் குறைவு. பிளக்கில் உள்ள 13 அம்பியர் பியூஸ் 13,000 மில்லிஅம்பியரைத் தாங்கும். ஆகவே ஒருவர் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பியூஸ் உருகாது. பியூஸ் காப்பது வயரை. மனிதரைக் காப்பது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிற்ச். அந்த அளவு கசிந்தால் 300 மில்லிசெக்கனுக்குள்ளும், 150 மில்லிஅம்பியர் கசிந்தால் 40 மில்லிசெக்கனுக்குள்ளும் அது துண்டிக்க வேண்டும்.

மண்ணின் கணக்கு

"எர்த் அடித்திருக்கிறோம், போதாதா?" என்ற கேள்விக்கும் விடை எண்ணில் இருக்கிறது. இலங்கையில் வீட்டுக்கான எர்த் கம்பியை வீட்டுக்காரரே மண்ணில் இறக்குகிறார். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து உலர்ந்த மணலில் அந்தக் கம்பியின் தடை 70 ஓம் என்று எடுத்துக்கொள்வோம். தண்ணீர் மோட்டரின் இரும்பு உடலில் கரண்ட் ஏறினால் மண்ணுக்குப் போவது 230 ÷ 70, அதாவது 3.3 அம்பியர். 32 அம்பியர் பிரேக்கர் அதைப் பொருட்படுத்தாது. மோட்டரின் உடல் ஏறக்குறைய முழு 230 வோல்ற்றுடன் நிற்கும்.

இந்தக் கசிவுக்குப் பணக்கணக்கும் உண்டு. 3.3 அம்பியர் என்பது சுமார் 756 வாற். ஒரு நாளைக்கு 18 யூனிற், 30 நாளைக்கு சுமார் 544 யூனிற் மண்ணுக்குள் போகும். ட்ரிப் சுவிற்ச் இருந்தால் 30 மில்லிஅம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும். கசிவு அந்த அளவில் இருக்கும்போது மோட்டரின் உடலில் ஏறியிருப்பது 2.1 வோல்ற் மட்டுமே.

பொருளின் கணக்கு

டிபி பெட்டியிலிருந்து (மின்பகிர்வுப் பெட்டி) 15 மீற்றர் தூரத்தில், வெளிச்சுவரில் ஓர் இரட்டைச் சொக்கெற். விலை மாறும், அளவு மாறாது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை கேட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே எழுதிக்கொள்ளலாம்.

1. 7/0.67 வயர் (2.5 சதுர மி.மீ.): லைவ், நியூற்றல், எர்த் என மூன்றுக்கு 45 மீற்றர், வளைவுக்கும் நுனிக்கும் சேர்த்து 50 மீற்றர். 100 மீற்றர் சுருளில் பாதி.
2. 20 மி.மீ. பிவிசி குழாய்: 3 மீற்றர் நீளத்தில் 5.
3. ஐபி66 தர மழைத்தடுப்புச் சொக்கெற்: 1. பிளக் செருகியிருக்கும்போதும் மூடி மூடவேண்டும்.
4. 16 அம்பியர், 30 மில்லிஅம்பியர் ஆர்சிபிஓ (பிரேக்கரும் ட்ரிப் சுவிற்ச்சும் ஒன்றாக உள்ளது): 1. மழையில் வாசல் பொயின்ற் ட்ரிப் ஆனாலும் பிரிட்ஜ் நிற்காதபடி தனி இணைப்பு.

15 மீற்றரில் 13 அம்பியர் ஓடினால் வோல்ற் இழப்பு சுமார் 3.5 வோல்ற், அதாவது 1.5 சதவீதம். அனுமதி 5 சதவீதம். இந்தத் தூரத்துக்குத் தடித்த வயர் வேண்டியதில்லை. அந்தப் பணத்தை நாலாவது வரிக்குக் கொடுக்கலாம்.

மலிவு வழியும் உண்டு. உள்ளறைச் சொக்கெற்றுக்கு நேர் பின்னால் சுவரைத் துளைத்தால், வயர் 50 மீற்றரிலிருந்து 3 மீற்றராகக் குறையும். நிபந்தனை மூன்று: அந்த இணைப்பு ஏற்கெனவே 30 மில்லிஅம்பியர் பாதுகாப்பில் இருக்கவேண்டும் (100 போதாது), அதில் எர்த் வயர் ஓடவேண்டும், அது வேறொரு சொக்கெற்றிலிருந்து இழுத்த கிளையாக இருக்கக்கூடாது. பியூஸ் கம்பி போட்ட பலகையும் இரண்டு துளைச் சொக்கெற்றும் இன்னும் இருக்கும் கொட்டாஞ்சேனைப் பழைய வீட்டில் இந்த வழி சரிவராது. ஜன்னல் வழியே இழுக்கும் எக்ஸ்டென்ஷன் கோட் அதிலும் மோசம்: 0.75 சதுர மி.மீ. வயர் தாங்குவது 6 அம்பியர்தான்.

சுமையின் கணக்கு

ஆடிவேலுக்கு 9 வாற் எல்ஈடி விளக்கு 20 போட்டால் 180 வாற், 0.8 அம்பியர். வாகனம் கழுவும் 1,800 வாற் இயந்திரம் 7.8 அம்பியர். இரண்டும் சேர்ந்து 8.6, 16க்குள் அடங்கும். ஆனால் 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் 3,500 வாற் குளியல் ஹீற்றர் (15.2), 1,000 வாற் அயன் (4.3), வாசலில் இந்த இயந்திரம் (7.8) சேர்ந்தால் சுமார் 27.4 ஆகிவிடும். அதோடு 2,000 வாற் கேத்தலைப் போட்டால் 36 தாண்டும்.

மழையின் கணக்கு

கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மி.மீ. மழை பெய்கிறது. மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. ஆகவே திருகாணி துருப்பிடிக்காத எஃகில், வயர் நுழைவது பெட்டியின் அடிப்பக்கத்தால். ட்ரிப் சுவிற்ச்சின் ரெஸ்ற் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். அதற்குச் செலவே இல்லை.

பணம் குறைந்தால் எதைக் குறைப்பது? முதலில் சொக்கெற்றின் எண்ணிக்கையை, பிறகு தூரத்தை. ஆர்சிபிஓவையும் எர்த்தையும் தொடவேண்டாம். அவை இரண்டுக்கும் பணமில்லையென்றால் வேலையையே தள்ளிப்போடுங்கள். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் உள்ளவரிடம் வேலையைக் கொடுங்கள். கூலி கொடுக்குமுன் மூன்று எண்களைத் தாளில் எழுதிக் கேளுங்கள்: எர்த் தடை 200 ஓமுக்குக் கீழ், வயர்க் காப்பு 1 மெகாஓமுக்குக் குறையாமல், 30 மில்லிஅம்பியரில் ட்ரிப் ஆகும் நேரம் 300 மில்லிசெக்கனுக்குள். மீற்றர் வைத்து அளக்காமல் இவற்றை எழுதமுடியாது. எழுதித் தரமறுத்தால் வேலை முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.