முகம் சீரானால் போதுமா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. மாணவன், ஆரணி

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது நம் பழமொழி. முகம் சிதைந்தால் அகமும் வாடும் என்பது அதன் மறுபக்கம். விபத்தாலும் தீயாலும் நோயாலும் கெட்ட முகத்தையும், பிறவியிலேயே பிளவுற்ற உதட்டையும் இன்று அறுவை மருத்துவம் சீராக்குகிறது. அச்சிகிச்சை வெற்றியா என்று சொல்ல வேண்டியவர் யார்? தழும்பை அளக்கும் மருத்துவரா, அம்முகத்தோடு வாழப்போகும் நோயாளியா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

வேலூர் தந்த பாடம்

விடை தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்டு, 1946இல் நம் அண்டை ஊரான வேலூரின் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். மருத்துவக் கணக்கில் அது பெருவெற்றி. ஆயினும் கை நிமிர்ந்த சிலர் திரும்பி வந்து, தங்களுக்கு எவரும் வேலை தரவில்லை என்று வருந்தினர். உதிர்ந்த புருவமும் அமுங்கிய மூக்கும் பழைய நோயைக் காட்டிக்கொடுத்தன.

அவர்கள் குறையைக் கேட்டபின் முகத்திலும் கவனம் சென்றது. மூக்கினுள் சுருங்கிய தோலுக்குப் பதிலாகப் புதுத்தோல் ஒட்டினர். முடியுள்ள தலைத்தோலில் ஒரு கீற்றை இரத்தக் குழாயோடு நெற்றித்தோலின் அடிவழியே கொணர்ந்து புருவமாக்கினர். தலைமுடி ஆதலால் அது நீண்டு வளரும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலரோ வெட்ட மனமின்றி வளரவிட்டார்களாம்! மருத்துவருக்கு அது அளவு மீறிய புருவம். அவர்களுக்கோ இழந்த மதிப்பு மீண்டதன் அடையாளம்.

கேட்டு அளத்தல்

பட்டு நெய்பவர் இழையையும் சரிகையையும் பார்க்கிறார். உடுத்துபவர் தமக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். இரண்டாவது பார்வையையும் எண்ணால் அளக்க இப்போது வினாத்தாள்கள் உள்ளன. முகச் சிகிச்சைக்கு 'ஃபேஸ்-கியூ'வும், உதடு, அன்னப் பிளவுக்குக் 'கிளெஃப்ட்-கியூ'வும் அத்தகையவை. பின்னது இந்தியா உட்பட 12 நாடுகளில், 8 முதல் 29 வயதுவரை உள்ளோரிடம் சோதிக்கப்பட்டு 2018இல் வெளிவந்தது. தோற்றம், பேச்சு, பள்ளி வாழ்க்கை, பிறரோடு பழகுதல் ஆகியவை பற்றி அது வினவும். விடைகள் 0 முதல் 100 வரையான மதிப்பெண்ணாக மாற்றப்படும். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் கேட்டால் வேறுபாடு புலனாகும்.

நமக்குரிய கடமை

எனினும் ஒரு தடை உண்டு. என் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்ல எங்கள் தெருவில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வலி இருந்தாலும், மனக்குறை இருந்தாலும், டாக்டர் கேட்டால் "நல்லா இருக்குங்க ஐயா" என்பதே மரியாதை என்று எண்ணுபவர்கள் அவர்கள். அந்த விடையை அப்படியே எழுதிக்கொண்டால் மதிப்பெண் உயரும், உண்மை மறையும்.

ஆகவே வினாக்கள் எளிய பேச்சுத் தமிழில் அமைய வேண்டும். எழுத்தறியாதவர்க்கு வாசித்துக் காட்ட வேண்டும். வாசிப்பவர் அறுவை செய்த மருத்துவராக இருத்தல் கூடாது. அறிவியல் கற்கும் நம்மில் பலர் நாளை மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றலாம். நோயாளி தயங்காமல் பேச நாம் இடம் தந்தால்தான் அளவு சரியாகும்.