குறைவாக ஓடிய விரைவுக் கார்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பழைய கார் வாங்க விரும்புவோர் விளம்பரத்தில் முதலில் தேடுவது, வண்டி ஓடிய தூரத்தைத்தான். ஐந்தாண்டுகளில் பதினான்காயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடியது என்றால், அதற்கெனச் சில லட்சங்களைக் கூடுதலாகக் கொடுக்கவும் பலர் முன்வருகின்றனர். அதுவும் வேகத்துக்கென்றே வடிவமைக்கப்பட்ட செடானாக இருந்துவிட்டால் ஆர்வம் இரட்டிப்பாகிவிடும். ஆனால், வண்டி வீடு வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே அதை மாற்றியமைக்கும் எண்ணமும் உடன் வந்துவிடுகிறது. அந்த எண்ணத்தை எவ்வாறு எடைபோடுவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் புனே கிளையொன்றில் பணியாற்றியபோது, எங்கள் வாடிக்கையாளரான மென்பொருள் பொறியாளர் ஒருவர் பழைய கார் கடன் பெற்று, 2020-ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 ஒன்றை வாங்கினார். இந்தியாவுக்கென 200 வண்டிகள் மட்டுமே இறக்குமதியான மாதிரி அது. இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 245 குதிரைத் திறன், நிற்கும் நிலையிலிருந்து 6.6 வினாடிகளில் நூறு கிலோமீட்டர் வேகம். இரண்டு மாதம் கழித்து அவர் மூன்று லட்சம் ரூபாய் தனிநபர் கடன் கேட்டு மீண்டும் வந்தார். கையில் ஒரு பணிமனையின் மதிப்பீட்டுப் பட்டியல் இருந்தது. எஞ்சினின் மின்னணுக் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றுதல், அதிரும் ஒலி தரும் புகைப்போக்கி, வண்டியைத் தாழ்த்தும் சுருள்வில்கள், 19 அங்குலச் சக்கரங்கள், கண்ணாடிகளுக்குக் கறுப்புப் படலம் ஆகியவை அதில் இடம்பெற்றிருந்தன.

அவருடைய அன்றாடப் பயணம் கோத்ரூடிலிருந்து ஹிஞ்சவடிக்கு. காலையும் மாலையும் நெரிசல், இடையிடையே வேகத்தடைகள். மாதம் ஒருமுறை மும்பைப் பயணம். கடன் பெறும் தகுதி அவருக்கு இருந்தது. எனினும், அந்தப் பட்டியலுக்கும் அந்தப் பயணத்துக்கும் எவ்விதத் தொடர்பும் எனக்குப் புலப்படவில்லை. வணிகவியல் படித்தவனுக்கு எஞ்சின் குறித்து அறிவுரை கூறும் தகுதி குறைவு. ஆயினும் செலவு, சட்டம், காப்பீடு, மறுவிற்பனை ஆகிய நான்கும் வங்கியாளனின் களமே. எனவே பட்டியலை மேசையில் விரித்து, ஒவ்வொன்றையும் இருவருமாக ஆராய்ந்தோம்.

ஓடாத வண்டிக்கும் வயது ஏறும்

குறைவாக ஓடிய வண்டி புதிய வண்டி என்று கருதுவது இயல்பான தவறு. சில பாகங்கள் ஓட்டத்தால் தேய்கின்றன. வேறு சில பாகங்கள் காலத்தால் தளர்கின்றன. டயர் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும், ரப்பர் ஆண்டுதோறும் இறுகி ஈரச் சாலையில் பிடிப்பை இழக்கும். டயரின் பக்கச்சுவரில் பொறிக்கப்பட்ட நான்கு இலக்க எண் அதன் பிறந்தநாளைச் சொல்லும். 0820 என்றிருந்தால் அது 2020-ஆம் ஆண்டின் எட்டாவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை குறையும். மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தும்போது திரவம் கொதித்து, அழுத்தம் சக்கரத்தைச் சென்றடையாமற் போகலாம். ஆகவே எத்தனை கிலோமீட்டர் ஓடினாலும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவது பொது வழக்கம். மின்கலம், எஞ்சின் எண்ணெய், குளிர்விப்பு நீர், ரப்பர் குழாய்கள், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ்கள் ஆகியவற்றுக்கும் காலக்கணக்கு உண்டு. நீண்ட நாள் நின்ற வண்டியின் பிரேக் தட்டுகளில் துரு படிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

நம் வாடிக்கையாளரின் பட்டியலில் இவற்றுள் ஒன்றுகூட இல்லை. வண்டியுடன் வந்த ஐந்தாண்டு பழைய டயர்களோடுதான் ஆற்றலைக் கூட்ட அவர் திட்டமிட்டிருந்தார். வேகம் இருமடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். எனவே நிறுத்தும் திறனைச் சீர்செய்த பிறகே ஓடும் திறனைப் பற்றி எண்ண வேண்டும்.

சாலையே அளவுகோல்

அடுத்து சக்கரங்கள். அந்தக் காரின் மூல டயர் அளவு 225/40 ஆர்18. இதில் 225 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 40 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவர் உயரத்தின் விழுக்காடு. அதாவது சாலைக்கும் உலோகச் சக்கரத்துக்கும் இடையே 90 மி.மீ. ரப்பர் இருக்கிறது. 19 அங்குலச் சக்கரத்துக்கு மாறினால், மொத்த விட்டம் பெரிதும் மாறாதிருக்க 225/35 ஆர்19 டயர் பொருத்த வேண்டும். அப்போது பக்கச்சுவர் 79 மி.மீட்டராகக் குறையும். குழியில் இறங்கும் அதிர்ச்சியைத் தாங்குவது இந்தப் பக்கச்சுவரே. அது மெலியும்போது டயர் கிழிவதும் சக்கரத்தின் விளிம்பு வளைவதும் எளிதாகும்.

எதிர்த்திசையில் செல்வதும் ஒரு வழி. 225/45 ஆர்17 அளவில் பக்கச்சுவர் 101 மி.மீ.; மொத்த விட்டத்தில் ஏற்படும் வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அன்றாடப் பயணத்துக்கு இதுவே மென்மையானது. ஆனால், சிறிய சக்கரத்துக்குள் அந்த வண்டியின் பிரேக் அடங்குமா, அந்த அளவைத் தயாரிப்பாளர் அம்மாதிரிக்கு ஏற்றிருக்கிறாரா, டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் மூல அளவுக்குக் குறையாமல் உள்ளனவா என்ற மூன்றையும் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐயம் நீங்காவிட்டால் மூல அளவிலேயே நல்ல புதிய டயர்களைப் பொருத்துவது பாதுகாப்பானது.

வண்டியைத் தாழ்த்துவதும் இதே தராசில் நிறுக்கத்தக்கது. இந்தியச் சாலைப் பேரவை பரிந்துரைக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உடையது. நம் குடியிருப்புகளில் காணப்படும் பல தடைகள் அந்த வடிவத்துக்குச் சற்றும் பொருந்தாதவை. ஏற்கெனவே தாழ்ந்த விரைவுக் காரை மேலும் தாழ்த்தினால் எண்ணெய்த் தொட்டியின் அடிப்பகுதி உரசும் இடர் அன்றாடம் உண்டு. உயரம் போதவில்லை என்று சுருள்வில்களின் இடையே ரப்பர் துண்டுகளைச் செருகுவதும் தீர்வாகாது. அது வில்லின் இயல்பான அசைவைக் கட்டிப்போட்டு, அதிர்ச்சியை வண்டியின் உடற்பகுதிக்குக் கடத்தும்.

ஆற்றலைக் கூட்டுதல்

டர்போ எஞ்சின்களில் மென்பொருளை மட்டும் மாற்றிக் கணிசமான ஆற்றலைக் கூட்ட முடியும் என்பது உண்மையே. இம்மாற்றம் வெளியில் தெரியாது. செலவும் ஒப்பளவில் குறைவு. அதனாலேயே இது பலரையும் ஈர்க்கிறது. ஆனால் டர்போவின் அழுத்தம் கூடினால் எஞ்சினின் வெப்பமும், கிளட்சும் கியர்ப்பெட்டியும் தாங்க வேண்டிய விசையும் கூடும். எரிபொருளின் ஆக்டேன் தரமும் அதற்கேற்ப உயர்ந்ததாக இருத்தல் வேண்டும். அத்தகைய பெட்ரோல் எல்லா நிலையங்களிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். தயாரிப்பாளரின் உத்தரவாதம் எஞ்சியிருந்தால் அதுவும் கேள்விக்குள்ளாகும்.

மும்பை–புனே விரைவுச் சாலையின் சமவெளிப் பகுதியில் கார்களுக்கான வேக வரம்பு மணிக்கு 100 கிலோமீட்டர். அந்த வேகத்தை ஏழு வினாடிகளுக்குள் எட்டும் வண்டிக்கு, ஹிஞ்சவடி நெரிசலில் இன்னும் ஐம்பது குதிரைகள் எதற்கு என்ற கேள்விக்கு எங்கள் வாடிக்கையாளர் சிரித்தார், விடை சொல்லவில்லை.

சட்டம் வரையும் எல்லை

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறித்தளித்துப் பதிவுச் சான்றிதழில் இடம்பெற்ற விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைத்தல் கூடாது. கேரளத்திலிருந்து சென்ற மேல்முறையீடொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். மாற்றுத்திறனாளிகள் தங்கள் பயன்பாட்டுக்கென வண்டியைத் தகவமைத்துக்கொள்வதற்கும், உரிய அனுமதியோடு மாற்று எரிபொருள் சாதனம் பொருத்துவதற்கும் சட்டத்திலேயே தனி வழி உண்டு.

கண்ணாடியைப் பொறுத்தவரை, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியைக் கடத்த வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. கறுப்புப் படலத்துக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 2012-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது. வரம்பு மீறிய ஒலி எழுப்பும் புகைப்போக்கிக்கு 190-ஆம் பிரிவின்கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும், ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டு.

காப்பீடும் கடனும்

பலரும் எண்ணிப் பார்க்காத இடம் இதுவே. காப்பீடு என்பது உண்மையை முழுமையாக வெளிப்படுத்துதல் என்னும் அடிப்படையில் எழுந்த ஒப்பந்தம். ஒரு வண்டியை விவரித்துப் பிரீமியம் செலுத்திவிட்டு வேறொரு வண்டியாக அதை மாற்றிவிட்டால், விபத்துக்குப் பின் இழப்பீடு கோரும்போது தகராறு எழ இடமுண்டு. சட்டத்துக்கு உட்பட்டு இணைக்கப்படும் மின்னணுச் சாதனங்களையும் தனியே அறிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்தினால்தான் அவற்றுக்குக் காப்புறுதி கிடைக்கும். மேலும், காப்பீட்டு மதிப்பு என்பது தயாரிப்பாளரின் விற்பனை விலையிலிருந்து தேய்மானம் கழித்துக் கணக்கிடப்படுவது. நான்கு ஆண்டு கடந்து ஐந்தாண்டு நிறையாத வண்டிக்குக் கழிவு 50 விழுக்காடு. மாற்றத்துக்கெனச் செலவிட்ட மூன்று லட்சம் அந்தக் கணக்கில் தானாக ஏறிவிடாது.

கடனில் வாங்கிய வண்டி, கடன் தீரும்வரை வங்கிக்குப் பிணையமாக இருப்பது. பிணையத்தின் மதிப்பைப் பாதிக்கும் மாற்றங்களுக்கு முன் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை ஒருமுறை படித்துப் பார்ப்பதும், கிளையில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வதும் நன்று.

தனிநபர் கடனின் கணக்கையும் பார்ப்போம். மூன்று லட்சம் ரூபாயை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் 36 மாதத்துக்குப் பெற்றால், மாதத் தவணை ஏறத்தாழ 9,964 ரூபாய். மொத்த வட்டி சுமார் 58,700 ரூபாய். அதாவது மாற்றங்களின் உண்மையான விலை 3.59 லட்சம். விற்கும்போது அதில் எவ்வளவு திரும்பும்? பழைய கார் வாங்குபவர் மாற்றப்பட்ட வண்டியைக் கண்டால், அது எவ்வாறு ஓட்டப்பட்டிருக்கும் என்றே முதலில் ஐயுறுவார். 200 வண்டிகளே வந்த ஒரு மாதிரியில், மூல நிலை மாறாமல் குறைவாக ஓடியது என்பதே அதன் மதிப்பு. அதற்கென்று கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிட்டு, மேலும் கடன் வாங்கி அதையே அழிப்பது எந்தப் பேரேட்டிலும் வரவாகாது.

முடிவெடுக்கும் வரிசை

அன்று நாங்கள் வகுத்துக்கொண்ட வரிசையை வாசகர்களும் பின்பற்றலாம்.

முதலாவது, பழுதும் வயதும்: டயர், பிரேக், திரவங்கள், மின்கலம் ஆகியவற்றைச் சீராக்குங்கள். இரண்டாவது, மாற்றம் எதுவும் செய்யாமல் மூன்று மாதம் அன்றாடப் பாதையில் ஓட்டுங்கள். குறைகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மூன்றாவது, அக்குறைகளை மட்டும் தீர்க்கும் மாற்றங்களைத் தேர்ந்தெடுங்கள். நான்காவது, ஒவ்வொன்றும் சட்டத்துக்கு உட்பட்டதா, காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்கத்தக்கதா என்று பாருங்கள். ஐந்தாவது, கழற்றி மீண்டும் மூல நிலைக்குக் கொண்டுவரக் கூடியவற்றுக்கே முன்னுரிமை தாருங்கள். கழற்றிய மூலப் பாகங்களையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்துங்கள். ஆறாவது, இதற்கான பணம் சேமிப்பிலிருந்து வரட்டும். கடனால் மட்டுமே செய்ய முடிந்த மாற்றம் காத்திருக்கத் தக்கதே.

அவர் அன்று கடன் விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துச் சென்றார். மூன்று மாதம் கழித்து வேறு பணிக்காகக் கிளைக்கு வந்தபோது தம் குறிப்பேட்டைக் காட்டினார். மூன்றே வரிகள். பழைய டயர்களின் இரைச்சல். வண்டியின் அடிப்பகுதிக்குப் பாதுகாப்புத் தகடு தேவை. முன்புறம் ஒரு கண்காணிப்புக் கேமரா. டயர்களை 18 அங்குல மூல அளவிலேயே மாற்றிவிட்டதாகவும், மற்ற இரண்டையும் அடுத்த மாதச் சம்பளத்தில் முடித்துக்கொள்வதாகவும் கூறினார். ஆற்றல் போதவில்லை என்ற வரி அந்தக் குறிப்பேட்டில் இல்லை.