கடைத் திரையில் விலைப் பட்டியல்: வித்தை வேண்டாம், விலை தெரிந்தால் போதும்

ஓசூர் எல்லையில் கடை வைத்திருக்கும் நமக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு பேசும் மூவருமே வாடிக்கையாளர்கள். மூன்று மொழியிலும் விலைப் பலகை எழுத இடம் ஏது? பில் போடும் கம்ப்யூட்டரோடு ஒரு டி.வி.யை இணைத்து, பவர்பாயிண்டில் மொழிக்கொரு பக்கம் தயாரித்து ஓடவிடலாம்.

அன்று சினிமா கொட்டகை இடைவேளையில் நம் கடை விளம்பரம் கண்ணாடி ஸ்லைடில் வரும். ஒன்று போய் அடுத்தது வரும்; அவ்வளவே. இன்றோ பக்கம் சுழலும், உடையும், பறக்கும். வேடிக்கைதான், ஆனால் அதற்குள் துவரம்பருப்பு விலையைப் படிக்க முடியுமா? கேட்கத் தயங்குபவர் அடுத்த கடைக்குப் போனால் நஷ்டம் நமக்கே.

ஆகவே 'டிரான்சிஷன்ஸ்' பகுதியில் 'ஃபேட்' ஒன்றே போதும். அதன் நேரம் அரை விநாடி. 'ஆஃப்டர்' கட்டத்தில் 8 விநாடி குறித்து 'அப்ளை டு ஆல்' அழுத்துங்கள். அரை நிமிடத்துக்குள் அவரவர் மொழி திரும்ப வந்துவிடும். 'செட் அப் ஸ்லைடு ஷோ'வில் 'லூப்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நாள் முழுவதும் தானே சுற்றும். சத்தம் சேர்க்க வேண்டாம். பக்கத்துக்கு ஐந்து சரக்குக்கு மேலும் வேண்டாம்.

காலையில் கடை திறந்ததும் மூன்று பக்கத்திலும் விலையைத் திருத்திவிடுங்கள். திரையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்றால் எந்த ஜோடனையும் நம்மைக் காப்பாற்றாது.