சக்கரம் போன வழி – 6: ரயில் விட்டுப்போன ஊர்கள்

சென்ற வாரம் டான்யூப் கரையோரம் சைக்கிள் மிதித்தோம். இந்த வாரம் நியூசிலாந்தின் தென் தீவு. அங்கே ஒடாகோ வட்டாரத்தின் உட்பகுதியில், கிளைட் என்ற சிற்றூரிலிருந்து மிடில்மார்ச் வரை 152 கிலோமீட்டருக்கு ஒரு சைக்கிள் பாதை ஓடுகிறது. ஒரு காலத்தில் அது ரயில் பாதை.

1907-ல் கிளைடை எட்டிய அந்த ரயில், ஆடுகளையும் கம்பளியையும் பழங்களையும் டுனீடின் நகருக்குச் சுமந்தது. லாரிகள் பெருகியதும் சரக்கு குறைந்தது. கிளைட் அணையைக் கட்டத் தளவாடம் ஏற்றி வந்ததுதான் அதன் கடைசிப் பெரிய வேலை. 1990-ல் ரயில் நின்றது. பிறகு தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்தார்கள். அதற்கு முன்பே, 1984-ல், விவசாய மானியங்களை அரசு நிறுத்தத் தொடங்கியிருந்தது. அடிமேல் அடி விழுந்து வழிநெடுக இருந்த ஊர்கள் மெலிந்தன.

1993-ல் இயற்கைப் பாதுகாப்புத் துறை அந்த நிலத்தை வாங்கியது. உள்ளூர்க்காரர்கள் அறக்கட்டளை அமைத்து நிதி திரட்டினார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட பழைய பாலங்களுக்குப் பலகைத் தளமும் கைப்பிடியும் போட்டு, 2000 பிப்ரவரியில் முழுப் பாதையையும் திறந்தார்கள். புதிதாக மலையைக் குடையவில்லை. ரயில் போட்டுவைத்த தடமே போதுமானதாக இருந்தது. செங்குத்தான ஏற்றத்தில் ரயில் ஏறாது என்பதால் பாதை முழுக்க மென்சரிவு. மிக உயர்ந்த இடமே 618 மீட்டர்தான். வயதானவர்களும் நிதானமாக மிதித்துக் கடக்கிறார்கள்.

தொடக்கத்தில் எதிர்ப்பும் இருந்தது. வருகிறவர்கள் கேட்டைத் திறந்துபோட்டுப் போனால் ஆடுகள் கலந்துவிடுமே, காய்ந்த புல்லில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் என்ன ஆகும் என்று பக்கத்து நிலத்து விவசாயிகள் அஞ்சினார்கள். நாட்டிலேயே மழை மிகக் குறைந்த பகுதி அது. அவர்கள் அச்சம் முற்றிலும் நியாயம். ஆனாலும் பின்னாளில் பண்ணை வீடுகளே தங்கும் விடுதிகளாயின. லாடர் என்ற ஊரில் பழைய பள்ளிக்கூடமும் விடுதியானது.

இந்த மாற்றத்துக்குக் காரணம் சைக்கிளின் வேகம்தான். காரில் போகிறவர் இந்த ஊர்களை ஒரே மூச்சில் கடந்துவிடுவார். சைக்கிளில் வருகிறவருக்கு மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை பசிக்கும். இருட்டினால் படுக்க இடம் வேண்டும். டியூப் பஞ்சரானால் ஆள் வேண்டும். பையை அடுத்த ஊருக்குக் கொண்டுசேர்க்க வேன் வேண்டும். ஒவ்வொரு தேவையும் ஓர் ஊரில் ஒருவருக்கு வேலை. பூல்பர்ன் பள்ளத்தாக்கின் இரண்டு ரயில் சுரங்கங்களை டார்ச் வெளிச்சத்தில் கடந்து, மேலும் பல மைல் மிதித்தால் ஓடுரேஹுவா வரும். அங்கே நூறாண்டு கடந்த ஒரு மளிகைக் கடை, பழைய மர அலமாரிகளோடு இன்றும் வியாபாரம் செய்கிறது. நின்று ஏதாவது வாங்கும் ஆள் வருகிறவரைதான் அப்படிப்பட்ட கடைக்கு ஆயுள்.

ஆகவே, சைக்கிளில் போவதாலேயே பயணம் பொறுப்பானதாகிவிடாது. நகரத்து சூப்பர் மார்க்கெட்டில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்து, வழியில் குப்பையை மட்டும் விட்டுப்போனால் அந்த ஊருக்கு என்ன லாபம்? பாதையில் மிதிக்கக் கட்டணம் கிடையாது. நாம் உண்பதும் உறங்குவதும்தான் அந்த ஊருக்கு நாம் செலுத்தும் கட்டணம்.

எந்த நாட்டில் சைக்கிள் விடுமுறைக்குத் திட்டமிட்டாலும் மூன்றைக் கடைப்பிடியுங்கள். அந்த ஊர்க்காரர் நடத்தும் இடத்தில் தங்குங்கள். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். உங்கள் குப்பையை நீங்களே சுமந்து செல்லுங்கள். முடிந்தால் இன்னும் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள். அந்த ஒரு நாள் வருமானம் ஒரு சின்ன ஊருக்குப் பெரிது.

(தொடரும்)