பாட்டு வந்தது, பதின்மூன்று வயதும் வந்தது

கொருக்குப்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் எண்பதை நெருங்கும் பாட்டி ஒருவர் இருக்கிறார். காலையில் உண்டது மாலையில் நினைவிராது, பெற்ற மகளையே "யாரம்மா நீ?" என்பார். ஒருநாள் பக்கத்து வீட்டில் 'பாசமலர்' படப் பாடல் ஒலித்தது. 1961-இல் வந்த படம். பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்த அண்ணன், அவர் வாங்கி வந்த சிவப்பு ரிப்பன், இலங்கை வானொலி கேட்க எதிர்வீட்டுத் திண்ணையில் இடம் பிடித்தது எல்லாம் மடமடவென்று வந்தன. பாட்டு நின்றது, பேச்சும் நின்றது.

இஃது எவ்வாறு? ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவை ஆழமாகப் பதிகின்றன என்பர் உளவியலார். தோழமை, முதல் வேலை, திருமணம் எனப் புதியன நேரும் பருவம் அது. அன்று கேட்ட பாட்டு அந்நாள்களோடு ஒட்டிக்கொள்கிறது. பழகிய பாடல் நினைவை எழுப்பும்போது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி விழிப்பதை அமெரிக்க ஆய்வாளர் பெட்ர் ஜனாட்டா 2009-இல் விளக்கினார். அல்சைமர் என்னும் மறதி நோய் அப்பகுதியைச் சற்றுப் பிந்தியே அரிக்கிறதாம். நோய் இதனால் தீராது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பழைய பாட்டு எதுவும் போதுமென்று 1944-இல் வந்த 'ஹரிதாஸ்' பாட்டைப் போட்டுப் பார்த்தோம். பாட்டி அசையவில்லை. அது அவருடைய தாயார் காலத்துப் பாட்டல்லவா!

இப்போது மாலைதோறும் மகள் 'பாசமலர்' பாட்டையே வைக்கிறார். "அண்ணன் வந்தாச்சா?" என்று பாட்டி வாசலைப் பார்க்கிறார். "இதோ வந்திடுவார் அம்மா" என்று மகள் சாதத்தைப் பிசைந்து ஊட்டுகிறார்.