சுமைதாங்கி சொகுசான கதை

டொயோட்டா ஹைலக்ஸ்: விவசாயியின் வண்டியாகப் பிறந்து, போர்க்களம் கண்டு, இன்று பங்களா வாசலில் நிற்கிறது

இந்தியச் சந்தைக்கு ஹைலக்ஸ் என்ற பிக்அப் வண்டி வந்தது 2022 ஜனவரியில். அறிமுகமான இரண்டே வாரங்களில், அதாவது பிப்ரவரித் தொடக்கத்திலேயே, தாங்க முடியாத கிராக்கி என்று சொல்லி டொயோட்டா முன்பதிவை நிறுத்திவைத்தது. மார்ச் கடைசியில் விலை வெளியானது. ஆரம்ப விலையே 33.99 லட்சம் ரூபாய். பின்பக்கம் திறந்த சரக்குத் தளம் கொண்ட வண்டிக்கு இந்த விலையா என்று கேட்கத் தோன்றும். மண்டிக்குத் தக்காளி ஏற்றிப்போகும் 'குட்டி யானை'களையே பார்த்துப் பழகிய நாடு இது. ஆனால் இங்கே ஹைலக்ஸை வாங்க முன்வந்தவர்களின் கனவில் தக்காளிக்கு இடமில்லை. காடு, மலை, ஆறு, வார இறுதிப் பயணம் ஆகியவையே அவர்கள் கண்ட கனவு.

இதே பெயர் கொண்ட வண்டி ஆப்பிரிக்கக் கிராமங்களில் ஆடுகளையும் தண்ணீர் பீப்பாய்களையும் பாதி ஊரையும் ஏற்றிக்கொண்டு போகிறது. ஆஸ்திரேலியாவில் தச்சரும் கொத்தனாரும் சாமான்களைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவது இதில்தான். ஐ.நா. அமைப்புகளின் முகாம்களிலும் நிற்கிறது, கிளர்ச்சிக்காரர்களின் முகாம்களிலும் நிற்கிறது. 2015இல் எட்டாவது தலைமுறை வெளிவந்தபோது 170க்கும் மேற்பட்ட நாடுகளில் ஹைலக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. மொத்த விற்பனை 1 கோடியே 60 லட்சத்தை எட்டியிருந்தது. ஏழைக்கும் எளியவனுக்கும் உழைத்துப் பேர் வாங்கிய வண்டி, அந்தப் பேரின் பலத்திலேயே அவர்கள் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

பெயரில் மட்டும் சொகுசு

பிறந்த ஆண்டு 1968. 'ஹை', 'லக்ஸுரி' என்ற இரண்டு சொற்களை ஒட்டவைத்து உண்டான பெயர் ஹைலக்ஸ். அன்று சொகுசு பெயரோடு நின்றுவிட்டது. 1,500 சி.சி. பெட்ரோல் இன்ஜின், முன்னால் மூன்று பேர் உட்காரும் ஒரே நீள இருக்கை, ஒரு டன் சுமை என்று எல்லாம் எண்ணி வைத்தாற்போலத்தான் இருந்தது. விற்றது டொயோட்டா என்றாலும் தயாரித்தது அதனுடன் 1966இல் கூட்டுச் சேர்ந்த ஹினோ லாரி நிறுவனம். ஜப்பானியச் சிறு வியாபாரிகளையும் விவசாயிகளையும் மனத்தில் வைத்து உருவான வண்டி அது.

இரண்டாவது தலைமுறை 1972இல் வந்தது. உட்காரும் இடம் கொஞ்சம் தாராளமானது. அடுத்த ஆண்டே உலகை உலுக்கிய எண்ணெய் நெருக்கடி, சிறிய சிக்கன வண்டிகளுக்கு அமெரிக்காவில் வாசலைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த வாசலில் ஏற்கனவே ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட, பதிலடியாக 1964 முதல் இலகு ரக டிரக்குகளின் இறக்குமதிக்கு அமெரிக்கா 25 சதவீத வரி விதித்திருந்தது. ஜப்பானியர்கள் அதற்கும் வழி கண்டார்கள். முன்பகுதியையும் சேசிஸையும் மட்டும் கப்பலில் ஏற்றினால் வரி குறைவு. சரக்குத் தளத்தைக் கலிஃபோர்னியாவில் தயாரித்துப் பொருத்திக்கொள்ளலாம். இந்த ஓட்டை பின்னர் அடைக்கப்பட்டது. கோழி வரி மட்டும் அரை நூற்றாண்டைக் கடந்தும் நீடித்தது.

வண்டியின் தலையெழுத்தை மாற்றியது 1978இல் தொடங்கிய மூன்றாவது தலைமுறை. டீசல் இன்ஜின் கிடைத்தது. 1979இல் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வடிவம் வந்தது. தார்ச்சாலை முடியும் இடத்தில் நின்றுவிடாமல் மணலிலும் சேற்றிலும் இறங்கிப் போக முடிந்தது. உலகின் கடைக்கோடிகளெல்லாம் ஹைலக்ஸின் சந்தையாயின.

கமான் பட்டையின் ரகசியம்

இந்த வண்டி ஏன் சாவதில்லை? இதில் மந்திரம் ஏதுமில்லை. கார்களில் உடலே எலும்புக்கூடாகவும் இருக்கும். ஹைலக்ஸில் லாரியைப் போல ஏணி வடிவ இரும்புச் சேசிஸ் தனி, அதன்மேல் முடுக்கப்பட்ட உடல் தனி. மேலே எவ்வளவு நசுங்கினாலும் கீழே உள்ள சட்டம் முறியாதவரை வண்டி உருளும். பின்சக்கரங்களைத் தாங்குவது கமான் பட்டை. மாட்டு வண்டிக்காலத் தொழில்நுட்பம்தான். குலுக்கிப் போடும். ஆனால் அளவுக்கு மீறிச் சுமையேற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். ஒரு பட்டை உடைந்தால் எந்த ஊர்ப் பட்டறையிலும் மாற்றிவிடலாம்.

பழைய டீசல் இன்ஜின் இன்னும் எளியது. பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். அதற்கு மின்சாரமும், ஈரம் படாத வயர்களும் வேண்டும். டீசலோ காற்றை அழுத்திய சூட்டிலேயே எரிந்துவிடும். எரிபொருளைப் பீய்ச்சும் பம்ப்பும் இயந்திர முறையில் ஓடியதால் கம்ப்யூட்டர் எதுவும் தேவைப்படவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குக் காது இருந்தால் போதும், சரிசெய்ய ஸ்பேனர் இருந்தால் போதும்.

இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது பிபிசியின் 'டாப் கியர்' நிகழ்ச்சி. 1988 மாடல் டீசல் ஹைலக்ஸ் ஒன்றை 2003இல் அது படாத பாடு படுத்தியது. மரத்தில் மோதினார்கள். கடலோரத்தில் கட்டிவைத்து ஓதத்தில் மூழ்கடித்தார்கள். தீ வைத்தார்கள். முடிவில் இடிக்கவிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில் நிறுத்தி, கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். உதிரி பாகம் எதையும் மாற்றாமல் சாதாரணக் கருவிகளால் பழுது பார்த்ததும் வண்டி மறுபடி கிளம்பியது. நசுங்கிய அந்த வண்டி பிறகு இங்கிலாந்தின் பியூலி தேசிய மோட்டார் அருங்காட்சியகத்துக்குக் குடிபோனது. 2007இல் அதே நிகழ்ச்சிக்காக, ஐஸ்லாந்து நிறுவனம் ஒன்று மாற்றியமைத்த ஹைலக்ஸ், 1996இல் வட காந்தத் துருவம் இருந்த இடம்வரை பனிமேல் போய்வந்தது.

பாலைவனத்தில் ஒரு யுத்தம்

உழைக்கும் வண்டியின் குணங்கள் அனைத்தும் போருக்கும் பொருந்தும் என்பதுதான் ஹைலக்ஸ் கதையின் கசப்பான அத்தியாயம். வடக்குச் சாடின் அவுசு பகுதியை 1973 முதல் லிபியா ஆக்கிரமித்திருந்தது. கடாபியின் படையில் சோவியத் டாங்கிகளும் போர் விமானங்களும் இருந்தன. ஏழை நாடான சாடிடம் இருந்தவை நட்பு நாடுகள் கொடுத்த டொயோட்டா பிக்அப் வண்டிகளும் பிரெஞ்சு மிலான் ஏவுகணைகளும். ஹைலக்ஸும் அதன் அண்ணனான லேண்ட் குரூசரும் அந்த வண்டிகளில் கலந்திருந்தன. 1987 ஜனவரி 2 அன்று ஃபாடா நகரில் இந்த வண்டிகள் டாங்கிகளைச் சுற்றிவளைத்தன. டாங்கியின் பீரங்கி திரும்புவதற்குள் வண்டி இடம் மாறிவிடும். ஒரே நாளில் 90க்கும் மேற்பட்ட லிபிய டாங்கிகள் நாசமாயின. அதே ஆண்டு செப்டம்பரில் போர்நிறுத்தம். 1994இல் சர்வதேச நீதிமன்றம் அவுசு சாடுக்கே சொந்தம் என்று தீர்ப்பளித்தது. வரலாற்றில் அந்தப் போருக்கு 'டொயோட்டா யுத்தம்' என்றே பெயர்.

அதற்குப் பிறகு சோமாலியாவிலிருந்து ஆப்கானிஸ்தான்வரை, சரக்குத் தளத்தில் இயந்திரத் துப்பாக்கி முளைத்த பிக்அப் உள்நாட்டுப் போர்களின் அடையாளச் சின்னமானது. ஐ.எஸ். அமைப்பின் பிரசாரப் படங்களில் வரிசை வரிசையாக டொயோட்டா வண்டிகள் தெரிந்ததால், அவை எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று 2015இல் அமெரிக்க நிதித்துறை நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. ஆயுதக் குழுக்களுக்கு விற்பதில்லை என்பதே தங்கள் கொள்கை, ஆனால் திருடப்பட்டும் கைமாறியும் போகும் வண்டிகளைத் தொடர முடியாது என்பது நிறுவனத்தின் பதில். பத்துக் கை மாறினாலும் ஓடும் வண்டிக்கு இப்படியும் ஒரு சாபம்.

இன்னோவாவின் பங்காளி

1983இல் நான்காவது, 1988இல் ஐந்தாவது, 1997இல் ஆறாவது தலைமுறைகள் வந்தன. ஒவ்வொன்றிலும் சுமை வண்டியின் சாயல் குறைந்து காரின் சாயல் கூடியது. இருக்கைக்குப் பின்னால் கொஞ்சம் இடம், பிறகு நான்கு கதவு, பிறகு ஏ.சி. ஐந்தாவது தலைமுறைக்கு ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் 'டாரோ' என்று பெயர் சூட்டித் தன் சரக்காகவே விற்றது. அமெரிக்காவில் 1995இல் 'டகோமா' என்ற தனி வண்டி பிறந்து, ஹைலக்ஸின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பெரிய திருப்பம் 2004. ஒரே அடித்தளத்திலிருந்து பிக்அப், குடும்ப வண்டி, எஸ்.யு.வி. மூன்றையும் உருவாக்கி வளரும் நாடுகளில் விற்பது என்ற 'ஐஎம்வி' திட்டத்தை டொயோட்டா தாய்லாந்தில் தொடங்கியது. பிக்அப்தான் ஏழாவது தலைமுறை ஹைலக்ஸ். குடும்ப வண்டி இன்னோவா. எஸ்.யு.வி. ஃபார்ச்சூனர். 2005இல் இந்தியாவுக்கு வந்து கால் டாக்ஸி முதல் கல்யாண வீடுவரை ஆக்கிரமித்த இன்னோவாவும், 2009இல் வந்து அரசியல்வாதிகளின் அணிவகுப்பில் நிரந்தர இடம் பிடித்த ஃபார்ச்சூனரும் ஹைலக்ஸின் ரத்த உறவுகள். ஹைலக்ஸ் இந்தியா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதன் எலும்பு இங்கே ஓடத் தொடங்கிவிட்டது. பிறந்த வீடான ஜப்பானில் 2004இல் விற்பனை நின்றது. 13 ஆண்டுகள் கழித்து, 2017இல், தாய்லாந்தில் தயாரான ஹைலக்ஸ் அங்கே இறக்குமதியாகத் திரும்பிப் போனது.

பேருக்கு வந்த சோதனை

நவீனமாக ஆக, பேருக்குப் பங்கமும் வந்தது. 2016இல் ஸ்வீடன் பத்திரிகை ஒன்று, சாலையில் திடீரென்று மான் குறுக்கிட்டால் வண்டியை ஒடிக்கும் சோதனையை நடத்தியபோது ஹைலக்ஸ் சக்கரம் தூக்கிக் கவிழப் பார்த்தது. உயரமான உடலும் சரக்குக்காக விறைப்பாக்கிய கமான் பட்டையும் காரைப் போலத் திரும்ப விடாது. ஆஸ்திரேலியாவில் வந்தது இன்னும் பெரிய அடி. டீசல் புகையின் கரித்தூளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி சரியாக வேலை செய்யவில்லை என்று, 2015க்கும் 2020க்கும் இடையே விற்ற ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ வண்டிகள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் வழக்கில் சிக்கின. குறைபாடு உண்மையே என்று 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக் கணக்கு அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2024 ஜனவரியில், டீசல் இன்ஜின்களின் திறன் சோதனையில் முறைகேடு நடந்ததாகத் தெரியவந்ததால், இந்தியாவிலும் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், இன்னோவா கிரிஸ்டா வண்டிகளை அனுப்புவது சில நாட்கள் நின்றது.

பழைய ஹைலக்ஸில் இந்த வடிகட்டியே கிடையாது. அதன் கரும்புகையைச் சுவாசித்தவர்கள் யாரிடமும் வழக்குப் போடவில்லை. சுத்தமான காற்றுக்கு வடிகட்டி வேண்டும், வடிகட்டிக்கு சென்சார் வேண்டும், சென்சாருக்கு கம்ப்யூட்டர் வேண்டும். நியாயமான தேவைகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் வண்டியை ஸ்பேனர் பிடித்த கையிலிருந்து ஓரடி தள்ளி வைக்கிறது.

டொயோட்டாவுக்கும் இது புரிந்திருக்கிறது. 2023 நவம்பரில் தாய்லாந்தில் 'ஹைலக்ஸ் சேம்ப்' என்ற வண்டியை இறக்கியது. தட்டையான தகடுகள், மொட்டையான தளம், உணவுக்கடையோ ஆம்புலன்சோ எதை வேண்டுமானாலும் முடுக்கிக்கொள்ளத் தயாராகப் போட்ட துளைகள். ஆரம்ப விலை 4 லட்சத்து 59 ஆயிரம் பாட், அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 11 லட்சம் ரூபாய். 1968ஆம் ஆண்டு வண்டியின் மறுபிறவி என்று சொல்லலாம். இரண்டே ஆண்டுகளில், 2025 நவம்பரில், அதே தாய்லாந்தில் ஒன்பதாவது தலைமுறை ஹைலக்ஸ் அறிமுகமானது. அதில் பேட்டரியில் ஓடும் மின்சார வடிவமும் உண்டு.

இப்படி ஒரே குடும்பம் இரண்டு பாதையில் போகிறது. இந்தியாவில் ஹைலக்ஸ் இதுவரை விருந்தாளிதான். இங்கே சுமையெல்லாம் டாடா, மஹிந்திரா பிக்அப்களின் முதுகில். அவற்றை ஓட்டிப் பிழைப்பவர்கள் ஹைலக்ஸின் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. டாப் கியர் வண்டியைக் கடைசியில் பிழைக்கவைத்தது இரும்பு மட்டுமல்ல, சாதாரணக் கருவிகளோடு அதைத் திறந்து பார்க்க முடிந்த ஒரு மெக்கானிக்கும்தான். அடுத்த தலைமுறை வண்டி வாங்கும்போது, எத்தனை டன் தாங்கும் என்று கேட்பதோடு, பழுதானால் யார் திறக்க முடியும் என்றும் கேட்டுவைப்பது நல்லது.