எந்தச் சேவலை வாங்குவது?

பாட்டியிடம் எட்டுக் கம்பத்துப் பெட்டைகள். முட்டைக்குக் குறைவில்லை, குஞ்சு பொரிக்கத்தான் சேவல் இல்லை. தேடும் பொறுப்பு எனக்கு.

இனத்தை அறிய நிறத்தை நம்பாதீர்கள். கொண்டையையும் காலையும் பாருங்கள். பிரம்மா சேவலின் கொண்டை சிறியது, மூன்று வரிசையாகத் தடித்திருக்கும், கால்விரல்வரை இறகு. நம் மழைச் சேற்றுக்கு ஒத்துவராது. கிளந்தானில் உருவான செராமா நெஞ்சை நிமிர்த்தி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும். அழகுதான், ஆனால் எடை அரைக் கிலோ அளவே, பெரிய பெட்டைகளுக்கு ஜோடியாகாது.

பாட்டியோ காவலுக்கென்று சண்டைச் சேவல் கேட்டார். வீட்டில் மூன்று வயதுத் தம்பி. சேவலின் முள் அவன் முகத்துக்கு எட்டும். நான் விடவில்லை. ஆளைக் கண்டு பாயாத, தீனி கிடைத்தால் பெட்டைகளைக் கூப்பிடும் கம்பத்துச் சேவலை வாங்கினோம். எட்டுக்கு ஒன்று போதும்.

பக்கத்து வீட்டு அங்கிளிடம்தான் இன்னும் பேச வேண்டும். விடிவதற்கு முன்பே கூவுகிறது.